சாந்துச் சட்டியில் அருகம்புல்



"புல்லைப் போய் யாராவது வளர்ப்பாங்களா? அது தானா முளைக்காதா?" என் பெஞ்சில் இருக்கும் தோழி இப்படித்தான் கேட்டாள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் தரையில் தானாக முளைக்கிற புல்லை ஒரு தொட்டிக்குள் கொண்டு வந்து வைத்துப் பாருங்கள், அப்போது தெரியும்! நான் இரண்டு தடவை புல்லைச் சாகடித்துவிட்டுத்தான் மூன்றாம் தடவை வளர்த்தேன். அந்தக் கதையையும், அதில் தெரிந்துகொண்ட அறிவியலையும் இந்தச் சுவர் இதழில் சொல்லப் போகிறேன்.

ஏன் வளர்த்தேன்?

எங்கள் ஆச்சி தினமும் காலையில் வாய்க்கால் கரைக்குப் போய் ஒரு கைப்பிடி அருகம்புல் பறித்து வருவார்கள். தெருமுனைப் பிள்ளையாருக்குச் சாத்திவிட்டுத்தான் காப்பி குடிப்பார்கள். 2025 மார்ச் மாதம் அந்தக் கரையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு ஆச்சி யாரிடமும் சரியாகப் பேசவில்லை. சாப்பாடும் குறைந்துவிட்டது. "ஒருத்தருக்கும் உதவாமப் போயிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

நான் போய் அந்த வாய்க்கால் கரையில் பறித்து வரலாம் என்று பார்த்தேன். அங்கே இப்போது சாக்கடைத் தண்ணீர் கலக்கிறது. பிளாஸ்டிக் குப்பை, நாய் அசிங்கம் வேறு. அம்மா, "அங்க போகாத" என்று சொல்லிவிட்டாள். சரி, ஆச்சி கட்டிலில் இருந்தே பார்க்கிற மாதிரி ஜன்னல் பக்கம் ஒரு தொட்டியில் வளர்த்துக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது.

முதல் தோல்வி: தண்ணீர்

ஒரு காலி பெயிண்ட் வாளி கிடந்தது. அதில் மண்ணை நிரப்பிப் புல்லை நட்டேன். போர்டிகோ நிழலில் வைத்தேன். பாசம் அதிகமாகிக் காலையும் மாலையும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினேன். பத்து நாளில் புல் மஞ்சளானது. மஞ்சளாகிறதே என்று இன்னும் தண்ணீர் ஊற்றினேன். இருபதாம் நாள் வாளியில் சாக்கடை நாற்றம் அடித்தது. ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, புல்லுக்குத் தண்ணி ஊத்துதியா, இல்ல புல்லைத் தண்ணிக்குள்ள முக்கி வச்சிருக்கியா?" என்று கேட்டார்கள். (விழுந்த பிறகு ஆச்சி பேசிய முதல் கிண்டல் அதுதான்!)

அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். டீச்சர் சொன்னது இது. மண்துகள்களுக்கு நடுவே சின்னச் சின்ன இடைவெளிகள் உண்டு. அவற்றில் பாதி தண்ணீரும் பாதி காற்றும் இருக்க வேண்டும். வேரும் உயிருள்ள பகுதிதான். அதுவும் ஆக்சிஜனை எடுத்துச் சுவாசிக்கிறது. அடியில் ஓட்டை இல்லாத வாளியில் தண்ணீர் எல்லா இடைவெளிகளையும் அடைத்துக்கொள்ளும். வேர் மூச்சு முட்டி அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் தண்ணீருக்குள் நின்றுகொண்டே செடி தாகத்தால் வாடும்! நாமோ வாடுகிறதே என்று இன்னும் ஊற்றுவோம்.

இன்னொரு தப்பும் செய்திருந்தேன். அருகம்புல் வெயில் விரும்பி. மக்காச்சோளம், கரும்பு, கம்பு மாதிரி இதுவும் சி4 வகைத் தாவரம். இந்த வகைத் தாவரங்கள் கடும் வெயிலிலும் வெப்பத்திலும் ஒளிச்சேர்க்கையை நன்றாகச் செய்யும். நிழலில் வைத்தால் நலிந்து, தண்டு நீண்டு, இலை குறைந்து போகும். தினமும் குறைந்தது 6 மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். என் போர்டிகோவில் ஒரு மணி நேரம் கூட வெயில் விழாது.

பெயிண்ட் வாளியே தப்பு என்றும் டீச்சர் சொன்னாங்க. சாமிக்கோ, சாறுக்கோ, ஆட்டுக்கோ பறிக்கிற புல்லைப் பெயிண்ட், பூச்சிமருந்து இருந்த டப்பாக்களில் வளர்க்கக் கூடாது.

இரண்டாம் தோல்வி: ஆள்மாறாட்டம்

இரண்டாம் தடவை மே மாதம். மைதானத்து ஓரத்தில் பளபளவென்று பச்சையாக இருந்ததைப் பிடுங்கி வந்து நட்டேன். கிடுகிடுவென்று வளர்ந்தது. பெருமையாக ஆச்சியிடம் காட்டினேன். ஆச்சி தலையில் அடித்துக்கொண்டார்கள். "இது கோரைலா! அருகு எங்க, கோரை எங்க!"

என்னை மாதிரி ஏமாறாமல் இருக்க இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1. தண்டை விரலால் உருட்டிப் பாருங்கள். கோரையின் பூத்தண்டு முக்கோணமாக, மூன்று விளிம்போடு இருக்கும். புல்லின் தண்டு அப்படி இருக்காது.

2. புல் தண்டில் கரும்பில் இருப்பது போலக் கணு தெரியும். கோரையின் பூத்தண்டில் அடியிலிருந்து பூ வரை கணு இருக்காது.

3. புல்லின் இலைகள் இரண்டு வரிசையில் எதிரெதிராக வரும். கோரையின் இலைகள் மூன்று வரிசையில் வரும்.

4. அருகம்புல் பூத்தால் ஒரே இடத்திலிருந்து கைவிரல்கள் விரிந்த மாதிரி மூன்று முதல் ஏழு கதிர்கள் வரும். அதன் அறிவியல் பெயர் சைனோடான் டாக்டிலான். 'டாக்டிலான்' என்பதற்குக் கிரேக்க மொழியில் விரல் என்று பொருள். 'சைனோடான்' என்றால் நாய்ப்பல்!

மூன்றாம் தடவை: சாந்துச் சட்டி

பக்கத்தில் வீடு கட்டுகிற இடத்தில் அடியில் விரிசல் விட்ட பிளாஸ்டிக் சாந்துச் சட்டி ஒன்றைக் கொத்தனார் மாமா சும்மா கொடுத்தார்கள். 2025 ஜூன் முதல் வாரத்தில் வேலையை ஆரம்பித்தேன். நான் செய்த முறையை வரிசையாகத் தருகிறேன்.

சட்டி: ஒட்டியிருந்த சிமெண்டைச் சுரண்டி நன்றாகக் கழுவ வேண்டும். சிமெண்ட் காரத்தன்மை உள்ளது. மண்ணின் தன்மையை மாற்றிவிடும். அடியில் சுண்டுவிரல் அளவில் ஐந்தாறு ஓட்டைகள் போட வேண்டும். ஒவ்வொரு ஓட்டையின் மேலும் உடைந்த ஓட்டுச் சில்லு ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் தண்ணீர் போகும், மண் போகாது. சட்டியைத் தரையில் அப்படியே வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வைத்தால் ஓட்டை அடைக்காது. ஒரு சாண் ஆழமுள்ள தொட்டி கிடைத்தால் ரொம்ப நல்லது. சாந்துச் சட்டி ஆழம் குறைவு. அதனால் சீக்கிரம் காயும், அவ்வளவுதான்.

மண்: செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய சாண எரு அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு. மக்காத பச்சைச் சாணி போடக் கூடாது. அது மக்கும்போது சூடு உண்டாகி வேரைக் கெடுக்கும். வெறும் களிமண்ணும் கூடாது. தொட்டிக்குள் அது செங்கல் மாதிரி இறுகிவிடும். விளிம்புக்கு இரண்டு விரல் கீழே வரை மண் போட்டால் போதும். அந்த இடைவெளியில்தான் தண்ணீர் நின்று இறங்கும்.

நடுதல்: விதை வேண்டாம். சுத்தமான இடத்திலிருந்து கணு உள்ள ஓடுதண்டை எடுத்து ஒரு விரல் நீளத்துக்கு, மூன்று கணு இருக்கிற மாதிரி வெட்டினேன். இரண்டு கணு மண்ணுக்குள், ஒரு கணு வெளியே. நாலு விரல் இடைவெளியில் நட்டு, மண்ணை லேசாக அமுக்கிவிட்டேன். முதல் நாலு நாள் மட்டும் லேசான நிழல். பிறகு முழு வெயில். பத்தாம் நாள் ஊசி மாதிரி பச்சைத் துளிர் எட்டிப் பார்த்தது!

தண்ணீர்: இதுதான் முக்கியம். கடிகாரத்தைப் பார்த்து ஊற்றக் கூடாது, மண்ணைப் பார்த்து ஊற்ற வேண்டும். ஆள்காட்டி விரலை முதல் கணு வரை மண்ணில் நுழையுங்கள். ஈரமாக இருந்தால் ஊற்ற வேண்டாம். காய்ந்திருந்தால் அடி ஓட்டை வழியாகச் சொட்டும் வரை ஊற்றுங்கள். மேலாகக் கொஞ்சம் தெளித்துவிட்டுப் போனால் வேரும் மேலாகவே நின்றுவிடும், ஒரு நாள் வெயிலில் கருகும். சட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பார்த்தும் கண்டுபிடிக்கலாம். காய்ந்த சட்டி லேசாக இருக்கும்.

தரையில் இருக்கிற அருகம்புல்லை யாரும் கவனிக்காமல் விட்டாலும் பிழைக்கிறதே, சட்டியில் ஏன் இவ்வளவு பாடு என்று கேட்கலாம். தரையில் அதன் வேர் ஈரத்தைத் தேடி ஆழமாக, ஒரு மீட்டருக்கும் கீழே கூடப் போகும். சட்டியில் எங்கே போவது? நாம் கொடுக்கிற தண்ணீர்தான் அதற்கு வாய்க்கால். எங்கள் பக்கம் ஆனி, ஆடி மாதங்களில் அடிக்கிற காற்றுக்குக் காலையில் ஊற்றிய சட்டி மாலையில் காய்ந்துவிடும். அதே சட்டிக்கு ஐப்பசி அடைமழையில் வாரக்கணக்கில் தண்ணீரே தேவைப்படாது.

உரம்: தண்ணீர் ஓட்டை வழியாகப் போகும்போது சத்தையும் கரைத்துக்கொண்டு போகும். அதனால் மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம் தூவுகிறேன். யூரியா போட்டால் சீக்கிரம் பச்சையாகும் என்று ஒருவர் சொன்னார். சின்னத் தொட்டியில் அளவு கொஞ்சம் கூடினாலும் வேர் கருகிவிடும். நமக்கு வேண்டாம்.

பூச்சி: மாவுப்பூச்சி வந்தால் அந்தத் தண்டை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவினாலே போதும். பறித்துப் பயன்படுத்துகிற புல்லுக்கு மருந்து அடிக்கக் கூடாது.

வெட்ட வெட்ட ஏன் வளர்கிறது?

செம்பருத்தியின் நுனியைக் கிள்ளினால் அந்தக் கிளை அதோடு நின்று, பக்கத்தில் வேறு கிளை விடும். புல்லின் நுனியை மாடு தின்றாலும் அதே இலை மறுபடி நீளும். எப்படி? செம்பருத்திக் கிளையின் வளரும் பகுதி நுனியில் இருக்கிறது. புல்லுக்கோ இலையின் அடியிலும் கணுவின் பக்கத்திலும் வளரும் திசு இருக்கிறது. இதற்கு இடையாக்குத்திசு என்று பெயர். நம் நகம் அடியிலிருந்து தள்ளிக்கொண்டு வளர்கிற மாதிரி!

நானே சோதித்துப் பார்த்தேன். ஒரு இளம் இலையின் நுனியைக் கத்தரியால் நேராக வெட்டிவிட்டேன். நாலு நாள் கழித்து இலை நீண்டிருந்தது. ஆனால் நுனி அப்படியே மொட்டையாகத்தான் இருந்தது. வளர்ச்சி அடியிலிருந்து வந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆனால் இதை நம்பி நான் மூன்றாவது தப்பையும் செய்தேன். 2025 ஆகஸ்ட் 27 விநாயகர் சதுர்த்தி. அதற்குள் ஜூனில் நட்ட சட்டி பச்சைப் பாய் விரித்த மாதிரி நிறைந்திருந்தது. முதல் நாள் மாலை, பெரிய மாலையாகக் கட்ட வேண்டும் என்ற ஆசையில் பாதிச் சட்டியை மண்ணோடு ஒட்ட வழித்து வெட்டிவிட்டேன். வெட்டிய பாதி பழுப்பாகிவிட்டது. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒன்றுமே வரவில்லை. அழுதேவிட்டேன். ஆச்சி மட்டும், "மண்ணுக்குள்ள உசுரு கெடக்குட்டி, பொறு" என்றார்கள். பதினெட்டாம் நாள் துளிர் வந்தது.

இலைதான் புல்லின் சமையலறை. முழுவதையும் எடுத்துவிட்டால், மண்ணுக்குள் கிடக்கும் தண்டில் சேர்த்து வைத்திருக்கிற உணவைச் செலவழித்துத்தான் அது மறுபடி எழுந்திருக்க வேண்டும். திரும்பத் திரும்ப இப்படிச் செய்தால் சேமிப்பு தீர்ந்து செத்துப்போகும். அதனால், ஒரு தடவையில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. இது எந்தப் புல்வெளிக்கும் பொருந்தும் விதி.

அருகு போல் வேரோடி...

கல்யாண வீட்டில் பெரியவர்கள், "ஆல் போல் தழைத்து அருகு போல் வேரோடி" வாழச் சொல்லி வாழ்த்துவதைக் கேட்டிருப்பீர்கள். அதற்கு அர்த்தம் சட்டியைக் கொட்டிப் பார்த்தால் புரியும். அருகம்புல்லுக்கு இரண்டு விதமான நடைத்தண்டு உண்டு. ஒன்று மண்ணுக்கு மேலே ஓடுவது. இன்னொன்று மண்ணுக்குள்ளே ஓடுவது. இரண்டிலும் கணுவுக்குக் கணு வேர் விடும். ஒரு இடத்தில் அறுத்தாலும் அடுத்த கணு தனிச் செடியாகப் பிழைத்துக்கொள்ளும். ஒரு கணு கெட்டாலும் குடும்பம் கெடாது!

இதே குணத்தால்தான் விவசாயிகளுக்கு அருகு என்றாலே கோபம். ஊரிலிருந்து வந்த மாமா என் சட்டியைப் பார்த்துவிட்டு, "நாங்க கூலி குடுத்து ஆள் வச்சுப் புடுங்குதோம், நீ சட்டியில வச்சு வளக்கியோ?" என்று சிரித்தார்கள். உழும்போது துண்டு துண்டானால் ஒவ்வொரு துண்டும் முளைக்கும். ஆகவே தொட்டியிலிருந்து கழிக்கிற தண்டுகளை வயலிலோ, காய்கறிப் பாத்தியிலோ வீசாதீர்கள். வெயிலில் சருகாகக் காயவைத்துவிட்டுப் போடுங்கள்.

வருடத்துக்கு ஒரு தடவை சட்டியைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். உள்ளே மண்ணைவிட வேர் அதிகமாக, தேங்காய்நார் மிதியடி மாதிரி பின்னிக் கிடக்கும். ஊற்றுகிற தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓரமாக வழிந்து ஓடும். அப்போது நாலாக வெட்டி, ஒரு பாகத்தைப் புது மண்ணில் நடலாம். மீதியைத் தானம் கொடுக்கலாம்.

தெரியுமா உங்களுக்கு?

* நெல், கோதுமை, கேழ்வரகு, கம்பு, கரும்பு, மூங்கில் எல்லாமே புல் குடும்பம்தான். உலகில் 11,000க்கும் மேற்பட்ட புல் இனங்கள் உள்ளன. நாம் தினமும் சாப்பிடுகிற சோறு ஒரு புல்லின் விதை!

* வெளிப்பக்கம் வைரம் பாய்ந்தது புல், உட்பக்கம் வைரம் பாய்ந்தது மரம் என்று தொல்காப்பியத்தின் மரபியல் பிரித்துச் சொல்கிறது. அந்தக் கணக்கில் நம் பனையும் தென்னையும் கூடப் புல்தான்!

* குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் அருகம்புல் பழுப்பாகித் தூங்கிவிடும். வெயில் வந்ததும் எழும். நம் ஊரில் அதற்குத் தூக்கமே இல்லை.

ஒரு எச்சரிக்கை

அருகம்புல் சாறு குடித்தால் எல்லா நோயும் போகும் என்று பலர் சொல்கிறார்கள். ஆச்சிக்குச் சர்க்கரை மாத்திரை உண்டு. டாக்டரிடம் கேட்டபோது, சாறு மாத்திரைக்குப் பதில் ஆகாது, மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனவே யாரும் கேட்காமல் மருந்தை மாற்றாதீர்கள். ரோட்டோரத்திலும் சாக்கடையோரத்திலும் பறித்த புல்லில் சாறு எடுக்கவே கூடாது.

கடைசியாக...

சதுர்த்தி அன்று காலை ஆச்சியை நாற்காலியில் உட்கார வைத்து, சட்டியை ஸ்டூல் மேல் தூக்கி வைத்தோம். நான் வெட்டாமல் விட்டிருந்த பாதியிலிருந்து ஆச்சியே தன் கையால் இருபத்தொரு புல் எண்ணி எண்ணிப் பறித்தார்கள். நான் கட்டிய பெரிய மாலையை யாரும் கவனிக்கவில்லை. ஆச்சியின் இருபத்தொரு புல்லைத்தான் அப்பா கோயிலுக்குக் கொண்டு போனார்கள்.

இப்போது ஆச்சி வாக்கர் பிடித்துக்கொண்டு காலையில் எட்டு அடி நடந்து ஜன்னல் பக்கம் வருகிறார்கள். விரலை மண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு வேண்டாம்" அல்லது "ஒரு செம்பு கொண்டா" என்று எனக்கு உத்தரவு! வீட்டில் தனக்கு ஒரு வேலை இருக்கிறது என்ற நினைப்பு ஆச்சிக்கு வந்துவிட்டது. சாப்பாடும் முன்னை மாதிரி ஆகிவிட்டது. புல்லால் ஆச்சி குணமானார்கள் என்று நான் சொல்லவில்லை. டாக்டரும் மாத்திரையும் அம்மாவின் கவனிப்பும்தான் காரணம். ஆனால் காலையில் கட்டிலை விட்டு எழுந்திருக்க ஒரு காரணம் வேண்டும் அல்லவா? அது அந்தச் சாந்துச் சட்டியில் இருக்கிறது.

சட்டி விளிம்பைத் தாண்டித் தொங்கும் ஓடுதண்டுகளை மண் நிரப்பிய தேங்காய்ச் சிரட்டைகளில் இறக்கி, கணுவின் மேல் ஹேர்பின் குத்தி வைத்திருக்கிறேன். மூன்று வாரத்தில் வேர் பிடித்ததும் தாய்த்தண்டிலிருந்து அறுத்துவிடலாம். இப்போது பதினாறு சிரட்டை தயார். உங்கள் வீட்டிலும் வெளியே போக முடியாத தாத்தாவோ ஆச்சியோ இருந்தால் எங்கள் வகுப்புக்கு வந்து ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். காசு வேண்டாம். பதிலுக்கு அடியில் ஓட்டை போட்ட காலிச் சிரட்டை ஒன்று கொண்டு வந்தால் போதும். ஓட்டை முக்கியம், மறந்துடாதீங்க!



ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி